வெங்காயப் பட்டறைக்குள் ஒரு மைனர் பாடம்

செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயப் பட்டறையைப் பார்த்திருப்பீங்க. காற்றோட்டம் குறைஞ்சா வெங்காயம் அழுகிடும். விலை ஏறும்வரை வைத்திருக்க முடியாது. இதை வேளாண்மை மட்டும் தீர்க்காது. கட்டுமானம், ஆற்றல், சந்தைக் கணக்கு எல்லாமே வேணும்.

இன்ஜினியரிங் மாணவர்கள் அப்படிச் சேர்த்துப் படிக்க, அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் 'சுற்றுச்சூழலும் நிலைத்தன்மையும்' என்ற மைனர் பிரிவு உண்டு. சொந்தத் துறைப் பாடங்களுக்கு மேல் 18 கிரெடிட். நீடித்த வேளாண்மை, பசுமைத் தொழில்நுட்பம், ஆற்றல் திட்டமிடல் போன்ற தாள்கள் இதில் வரும். கூடுதல் சுமைதான், இல்லைன்னு சொல்ல மாட்டோம். மதிப்பெண் தகுதியும் பார்ப்பாங்க. அதனால் ஐந்தாம் செமஸ்டருக்கு முன்பே உங்க கல்லூரியில் கேட்டுடுங்க.

அதுவரை செல்போனில் ஸ்வயம் தளத்தில் ஒரு பாடம் பாருங்க. படிக்கக் கட்டணமில்லை, சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் உண்டு.