ஒப்புவித்தலும் வாசித்தலும்

பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்று உணர்ந்தே காமராசர் 1956-இல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். பிள்ளைகள் வந்தனர். வந்த பிள்ளை வாசிக்கிறதா என்பது வேறு கேள்வி.

அ, ஆ என்று பாட்டுப்போல் ஒப்புவித்தால் வாசிக்கத் தெரியும் என்று எண்ணிவிடுகிறோம். தமிழ் எழுத்துகள் 247. உயிர் 12, மெய் 18, சேர்க்கும் குறிகள் ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் வந்துவிடும். இடறும் இடம் கொம்புதான். 'கெ' என்பதில் கொம்பு முன்னே நிற்கிறது. அதன் ஒலியோ பின்னே வருகிறது. 'கொ'வில் முன்னே கொம்பு, பின்னே கால்! நமக்குப் பழகிவிட்டது, ஆறு வயதுக் குழந்தைக்கு அது மலை. அங்கே நின்றுவிட்ட குழந்தையை விட்டு வகுப்பு நகர்ந்துவிடுகிறது. பிறகு கணக்கிலும் தோல்வி. கணக்குத் தெரியாமல் அன்று, கேள்வியை வாசிக்க இயலாமல்!

கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபின் இத்தொல்லை பெருகிற்று. தமிழ்நாட்டு அரசு 2021-இல் 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியது. தன்னார்வலர்கள் மாலையில் குடியிருப்புகளிலேயே கற்பித்தனர். 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், 1 முதல் 3 வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை அவர்கள் அறிந்த அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்தனர். மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் அரும்பில் அமரலாம். இம்முறையே சரியென்று எனக்குப் படுகிறது. ஆனால் ஆண்டு முழுவதும் அரும்பிலேயே இருத்திவிட்டால் அதுவும் ஒரு முத்திரையாகிவிடுமே!

உங்கள் தெருவில் சிறு தம்பி தங்கையர் இருந்தால், கடைப் பலகையையோ பேருந்தின் ஊர்ப்பெயரையோ வாசிக்கச் சொல்லுங்கள். 'கொ'வில் நின்றால், சொல்லிக் கொடுத்துவிடாமல் சற்றுக் காத்திருங்கள்.