சிலந்திக் கண்ணில் நம் டார்ச்

திருவானைக்காவல் யானை–சிலந்தி கதையைத் திருச்சிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வெண்ணாவல் மரத்தடி லிங்கத்தின் மேல் சருகு விழாமல் சிலந்தி பந்தல் பின்னியது. அழுக்கென்று நினைத்து யானை அதை அறுத்தது. சண்டையில் இரண்டும் மாண்டன. சிலந்தி மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை ஏற முடியாத மாடக்கோயில்களாகவே கட்டியது. பகையை மறக்காத ராஜா!

இந்தக் கதையோடு புதிதாக ஒன்றை ஒட்டவைத்தார் கொள்ளிடக் கரையில் வாழை போட்டிருக்கும் பெரியவர் ஒருவர். "ராத்திரியில சிலந்திக்குக் கண்ணு எரியும் தம்பி. அதான் ராஜாவுக்கும் செங்கண்ணு" என்றவர், டார்ச்சை நெற்றியோரம் பிடித்து வரப்புப் புல்லில் அடித்தார். பத்தடி தள்ளி, பனித்துளி போல வெண்பச்சையாக ஒரு புள்ளி. "பாத்தியா, எரியுது."

டார்ச்சை வாங்கி இடுப்பளவுக்கு இறக்கினேன். புள்ளி அணைந்தது. கண்ணோரம் உயர்த்தினேன், திரும்ப வந்தது. தானாக எரிகிற விளக்கென்றால், நான் டார்ச்சை எங்கே பிடித்தால் அதற்கென்ன?

எரிவது சிலந்தியின் கண் அல்ல. அதன் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது. டபீட்டம் என்பார்கள். மீன் செதிலைப் பளபளக்க வைக்கும் அதே குவானின் படிகங்கள்தான் இதிலும். உள்ளே வரும் வெளிச்சம் பார்வை செல்களைத் தாண்டி இந்தப் படலத்தில் பட்டுத் திரும்பி, அதே செல்கள் வழியே இன்னொரு முறை போகிறது. கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தை இரண்டு தடவை பயன்படுத்திக்கொள்ளும் சிக்கனம் இது. மிஞ்சியது வந்த வழியே வெளியேறும். அதனால்தான் டார்ச்சுக்குப் பக்கத்தில் நம் கண் இருந்தால் மட்டும் தெரிகிறது. பூனைக்கும் மாட்டுக்கும் கண் மின்னுவதும் இப்படித்தான், படலத்தின் பொருள்தான் வேறு.

சரி, ராஜாவின் செங்கண்? புராணமே அதற்கு வேறு காரணம் சொல்கிறது. நல்ல நாழிகை வரும்வரை பிரசவத்தைத் தள்ளிப்போட, தாய் கமலவதி தன்னைத் தலைகீழாகத் தொங்கவிடச் சொன்னாளாம். தாமதமாகப் பிறந்த பிள்ளைக்குக் கண் சிவந்திருந்தது. சிலந்தியின் கண்ணைப் பற்றி அதில் பேச்சே இல்லை. மேலும், கதையில் வருவது வலை பின்னும் சிலந்தி. வரப்பில் பளிச்சென்று மின்னுவது ஓநாய்ச் சிலந்தி. அது பெரும்பாலும் வலை கட்டிக் காத்திருக்காது, தரையில் ஓடித்தான் இரை பிடிக்கும். கல்யாண போட்டோவில் ஃபிளாஷ் பட்டு நம் கண் சிவப்பாக விழுகிறதே, அது டபீட்டம் இல்லாததால் கண்ணின் பின்சுவரில் ஓடும் ரத்தத்தின் நிறம். செங்கண் மனிதனுக்குத்தான் பொருத்தம்!

எட்டுக் கண்ணும் மின்னும் என்பதும் சரியில்லை. ஓநாய்ச் சிலந்திக்கு முன்வரிசையில் நான்கு சின்னக் கண்கள், அவற்றில் நடு இரண்டில் இந்தப் படலம் கிடையாது. அவற்றுக்கு மேலே இருக்கும் இரண்டு பெரிய கண்கள்தான் நம்மை நோக்கிப் பளிச்சிடுபவை. அன்று கிட்டே போய்க் குனிந்து பார்த்தபோது இரண்டு பெரிய புள்ளிகளுக்குப் பின்னால் பொடிப்பொடியாக இன்னும் பல. தாய்ச் சிலந்தி முதுகு நிறையக் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு நின்றது. குஞ்சுகளின் கண்ணும் மின்னுகிறது. நாவல் பழ அளவுகூட இல்லாத உடம்பில் ஒரு கார்த்திகை.

மின்னினால் கொடிய விஷம் என்பார்கள். விஷத்துக்கும் மினுக்கத்துக்கும் சம்பந்தமில்லை. பகலில் வீட்டுச் சுவரில் தாவித் திரியும் சிலந்திக்குக் கண் பெரிது, ஆனால் டார்ச்சுக்கு இப்படி மின்னாது. உடம்பு பெரிதானால் கண்ணும் தீப்பந்தமாக இருக்கும் என்ற கணக்கும் பொய். ராமேஸ்வரம் தீவின் மரப்பொந்துகளில் வாழும் டாரண்டுலாவை 2004-இல் புது இனமாக அறிவித்து, அங்குள்ள அனுமன் கோயிலின் பெயரையே வைத்தார்கள். இன்று அது அழிவின் விளிம்பில். டாரண்டுலாக்களின் எட்டுக் கண்ணும் தலைமேல் ஒரு சிறு மேட்டில் கடுகு போல ஒட்டியிருக்கும். படலம் உண்டு, மினுக்கம் மங்கல். அவை இரையை அறிவது பெரும்பாலும் கால் மயிரில் படும் அதிர்வால்.

பெரியவரிடம் கடைசியாக ஒன்று சொன்னேன். நெல் வயலில் புகையானைத் தின்று தீர்ப்பதில் முன்வரிசையில் நிற்பது இந்த ஓநாய்ச் சிலந்திதான், மருந்தடித்தால் இதுவும் சேர்ந்து சாகும். "அப்ப எரியட்டும், விடு" என்றார்.

நீங்களும் அமாவாசையை ஒட்டி ஒரு ராத்திரி, டார்ச்சைக் கண்ணோரம் பிடித்துக் கொள்ளிடக் கரைப் புல்லில் அடித்துப் பாருங்கள். செருப்பில்லாமல் போகாதீர்கள். கண்ணாடி விரியனும் அங்கே உண்டு, அதன் கண் டார்ச்சுக்கு மின்னாது.