எழுத்தளவும் நல்ல வடிவமைப்பும்

அச்சிட்ட ஏடு ஒன்றைக் கண்டவுடன் அதன் அழகைப் புகழ்கின்றோம். ஆயினும், அழகு ஒன்றே வரைகலைக்கு இலக்கணமாகுமோ? ஏடு செய்விப்போர் கருதிய பொருள், படிப்போர் கண்ணுக்கும் கருத்துக்கும் தடையின்றிச் சென்று சேர்தல் வேண்டும். அதுவும் செய்விப்போரது கைப்பொருளுக்கு அடங்கி நிகழ்தல் வேண்டும். இவ்விரண்டும் நிறைவேறாவிடின் எழில்மிகு வடிவமும் குறையுடையதே. இவ்வுண்மைக்குத் தரங்கம்பாடி அச்சுக்கூடத்தின் வரலாறு தக்க சான்றாகும்.

1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடியை அடைந்த சீகன்பால்கு ஐயர், புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்தனர். அதனை அச்சிடுதற்கு இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறியும், ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துக்களும் வந்தன. 1714இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அச்சேறின. ஆனால் ஹாலே எழுத்துக்கள் உருவிற் பெரியன. எழுத்துப் பெருகின் பக்கம் பெருகும். பக்கம் பெருகின் காகிதம் பெருகும். காகிதமோ கடல்கடந்து வரவேண்டிய அரும்பொருள். அவ்வெழுத்தையே கொண்டு எஞ்சிய பகுதியையும் அச்சிடுதல் அரிதாயிற்று.

ஹாலேயில் எழுத்து வெட்டியோர் உழைப்பிற் குறைந்தவரல்லர். நூல் அச்சேறும் இடத்தின் நிலையையே அவர் அறிந்திலர். தரங்கம்பாடிக்கு வந்திருந்த அச்சு வினைஞர் அட்லரோ அதனை நேரிற் கண்டவர். அருகிலுள்ள பொறையாற்றில் வார்ப்புச்சாலை அமைத்துச் சிறிய எழுத்துக்கள் வார்க்கப்பட்டன. பாலாடைக்கட்டியைப் பொதிந்து வந்த ஈயத்தையும் அதற்குப் பயன்படுத்தினர் என்பர். 1715இல் நூல் நிறைவெய்தியது.

சிறிய எழுத்தே என்றும் சிறந்தது என்பது இதன் கருத்தன்று. சுவரில் ஒட்டும் அறிவிப்புக்கும், முதியோர் படிக்கும் வேதாகமத்துக்கும் பெரிய எழுத்தே வேண்டும். யாது சொல்லப்படுகின்றது, யார் படிப்பர், எவ்வளவு செலவிடலாகும் என்னும் மூன்றையும் வினவி அறிந்த பின்னரே வடிவமைப்போர் எழுதுகோலை எடுத்தல் தகும்.

செய்விப்போர் சிலர், தம் பெயர் பெரிதாக விளங்கவேண்டும், வண்ணங்கள் பல வேண்டும் என்பர். அவர் சொல்லியவாறே செய்து கூலி பெறுதல் எளிது. அவ்வாறு செய்யின் படிப்போர்க்குப் பொருள் விளங்காதெனின், அதனைப் பணிவுடன் முன்னரே எடுத்துரைத்தல் கடமையாகும். சொல்லைக் கேட்பது ஏவல். தேவையை உணர்ந்து செய்வதே ஊழியம்.

இந்நாளில் கணினியில் எழுத்துருக்கள் எண்ணிறந்து கிடைக்கின்றன. ஈயம் உருக்கும் உழைப்பு இல்லை. ஆதலின் தெரிந்தெடுக்கும் பொறுப்பு மிகுகின்றது. மன்ற அறிவிப்பாயினும் ஆண்டு மலராயினும், அதனை அமைக்கும் மாணவர் தம் கைத்திறன் தோன்றுவதினும் பொருள் தோன்றுவதையே நாடுவாராக.