கப்பலை விட்டு இறங்கும் நாள்: தெரிந்துகொள்ள வேண்டியவை

நம் சங்க அன்பர்களின் இல்லங்களில் இப்போது உல்லாசக் கப்பல் பயணம் பற்றிய பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. மும்பையிலிருந்து கோவா, லட்சத்தீவு என்று போய் வருகிறார்கள். சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ உள்ள பிள்ளைகள், பெற்றோருக்கு அங்கிருந்து டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஏறுவது பற்றி எல்லோரும் விவரமாகச் சொல்வார்கள். இறங்குவது பற்றிச் சொல்வோர் குறைவு. வயதானவர்கள் திண்டாடுவது பெரும்பாலும் அந்தக் கடைசி நாளில்தான்.

நான் ரயில்வேயில் பெட்டிப் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ரயில் கணக்கில் சொன்னால் இது எளிதில் விளங்கும். தொலைதூர எக்ஸ்பிரஸ் வண்டி யார்டுக்கு வந்தால், பிட் லைனில் முழுப் பராமரிப்புக்கு 6 மணி நேரம் என்பது எங்கள் கணக்கு. அது தள்ளிப்போனால் அடுத்த பயணமும் தாமதம். கப்பலும் அப்படித்தான். பொதுவாகக் காலை 6 மணி வாக்கில் கரை சேர்ந்து, மாலை 4 அல்லது 5 மணிக்குப் புதிய பயணிகளுடன் கிளம்பிவிடும். இடையில் ஆயிரக்கணக்கானோர் இறங்க வேண்டும். எல்லா அறைகளிலும் படுக்கை மாற்ற வேண்டும். உணவுப் பொருள் ஏற்ற வேண்டும். 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து ஓடத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் அதிகபட்சம் 7,600 பயணிகள் வரை செல்லலாம். அத்தனை பேரையும் ஒரே காலையில் இறக்குவதை எண்ணிப் பாருங்கள்!

முதல் நாள் இரவு செய்ய வேண்டியவை:

1. பெரிய பெட்டிகளில் கப்பல்காரர்கள் தரும் வண்ண அட்டையை அல்லது எண் அட்டையைக் கட்டி, அவர்கள் சொன்ன நேரத்துக்குள் அறை வாசலில் வைத்துவிட வேண்டும். பல கப்பல்களில் இது இரவு 10, 11 மணிக்குள் இருக்கும். மறுநாள் கரையில் அதே வண்ணம் அல்லது எண் உள்ள பகுதியில் பெட்டி காத்திருக்கும்.

2. மருந்து, பாஸ்போர்ட், கண்ணாடி, பணம், நகை, மறுநாள் உடுத்தும் துணி, செருப்பு ஆகியவை கைப்பையில்தான் இருக்க வேண்டும். எங்கள் பயணத்தில் ஒரு பெரியவரின் சர்க்கரை மாத்திரை பெட்டியோடு போய்விட்டது. காலையில் பெட்டி கைக்குக் கிடைக்கும் வரை அவர் மனைவி பட்ட தவிப்பைப் பார்த்தேன்.

3. கணக்கை இரவே சரிபாருங்கள். தவறு இருந்தால் அப்போதே கேளுங்கள். காலையில் வரவேற்பு மேசை முன் நீண்ட வரிசை நிற்கும்.

4. அறையைக் கவனித்துக்கொண்ட பணியாளருக்கு அன்பளிப்பு தருவதானால் இரவே கொடுத்து நன்றி சொல்லுங்கள். காலையில் அவருக்கு மூச்சுவிட நேரம் இராது. பல கப்பல்களில் சேவைக் கட்டணம் தானாகவே கணக்கில் சேர்ந்துவிடும் என்பதையும் கவனியுங்கள்.

மறுநாள் காலை:

சிற்றுண்டியைச் சீக்கிரம் முடித்துவிட்டு, சொன்ன நேரத்தில் அறையைக் காலி செய்யுங்கள். பெரும்பாலும் அது 8 மணி வாக்கில் இருக்கும். நாம் தாமதித்தால் துப்புரவுப் பணியாளரின் வேலை அப்படியே நிற்கும். பிறகு நமக்குக் குறித்த கூடத்தில் அமர்ந்து, நம் எண்ணை அழைக்கும் வரை காத்திருக்க வேண்டும். மாடிப்படியிலும் லிஃப்ட் வாசலிலும் பெட்டியோடு கூடி நிற்பது கூடாது. தாதரில் வண்டி நிற்கும் முன்பே வாசலை அடைத்து நிற்கிறோமே, அந்தப் பழக்கம் இங்கே உதவாது. கப்பல் கட்டப்பட்டதும் கதவு திறந்துவிடாது. அதிகாரிகளின் அனுமதி வந்த பிறகே முதல் பயணி இறங்க முடியும்.

தன் பெட்டிகளைத் தானே சுமந்து முதலில் இறங்கும் வசதியும் பல கப்பல்களில் உண்டு. எல்லாப் பெட்டியையும் ஒரே நடையில் கொண்டுபோக முடிந்தவர்களுக்கு மட்டுமே அது சரி. முழங்கால் வலி உள்ளவர்கள் ஓரிரு நாள் முன்பே சக்கர நாற்காலிக்குச் சொல்லி வையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காலைச் சிற்றுண்டியில் எடுத்த பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு அமெரிக்காவில் இறங்காதீர்கள். பழம், இறைச்சி ஆகியவற்றைச் சுங்கத்தில் மறைத்தால் அபராதம் உண்டு.

அடுத்த பயணம்:

மும்பையில் கப்பலுக்கும் ரயிலுக்கும் பழைய உறவு உண்டு. 1912 வாக்கில் தொடங்கிய பஞ்சாப் லிமிடெட், தபால் கப்பலில் வந்தவர்களை பல்லார்டு பியர் மோல் நிலையத்திலேயே ஏற்றிக்கொண்டு பெஷாவர் வரை சென்றது. இன்று அந்த வசதி இல்லை. துறைமுகத்திலிருந்து டாக்ஸி பிடித்து, நெரிசலைக் கடந்துதான் நிலையத்துக்கோ விமான நிலையத்துக்கோ போக வேண்டும். மூடுபனியாலோ துறைமுக நெரிசலாலோ கப்பல் தாமதமாகவும் வரலாம். ஆகவே நண்பகலுக்கு முன் விமானமோ ரயிலோ பதிவு செய்யாதீர்கள். வெளிநாட்டு விமானமானால் மாலை அல்லது இரவு வண்டியே உத்தமம்.

பெற்றோருக்கு டிக்கெட் எடுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: கப்பலுக்குள் போனபின் கைபேசித் தொடர்பு எளிதல்ல. இறங்கும் நேரம், யார் அழைக்க வருவார், எந்த வாசலில் நிற்பார் என்பதை ஒரு தாளில் தமிழில் எழுதி அம்மாவின் கைப்பையில் வைத்து அனுப்புங்கள்.