கூடாரத்தில் இரண்டு ராத்திரி... கரடியை விடுங்க, மணலைக் கவனிங்க!

மகனோ மகளோ அமெரிக்காவில். மே மாதக் கடைசியில் நீங்கள் போய் இறங்குகிறீர்கள். ராத்திரி பகலாகி, பகல் ராத்திரியாகிக் குழம்பியதெல்லாம் ஒருவழியாகத் தெளிந்து, பேரன் பேத்தியோடு விளையாட ஆரம்பித்திருப்பீர்கள். அப்போது வரும் அந்த அறிவிப்பு.

‘‘அப்பா, வர்ற வெள்ளிக்கிழமை கேம்பிங் போறோம். ரெண்டு ராத்திரி டென்ட்லதான் தூக்கம்!’’

‘‘ஏம்ப்பா... அங்கே கரடி கிரடி வராதா?’’ என்பதுதான் உடனே உங்கள் வாயில் வரும்.

நியாயமான பயம்தான். ஆனால் சர்க்கரை, பி.பி., மூட்டுவலி என்று ஏதாவது ஒன்றைக் கூடவே அழைத்துக்கொண்டு விமானம் ஏறியவர்களுக்குக் கரடி பெரிய விஷயமே இல்லை. மணல், குளிர்ந்த தண்ணீர், மாத்திரை நேரம்... இந்த மூன்றும்தான் விஷயம்.

சிகாகோ, டெட்ராய்ட் பக்கம் பிள்ளைகள் இருந்தால் கோடையில் உங்களைக் கூட்டிப்போகக்கூடிய ஓர் இடத்தையே பாடமாக எடுத்துக்கொள்வோம். மிச்சிகன் மாநிலத்தின் வடமேற்கு ஓரத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கிறது ‘ஸ்லீப்பிங் பேர் ட்யூன்ஸ்’. அதாவது, தூங்கும் கரடி மணல்மேடுகள். 1970-ல் தேசிய ஏரிக்கரையாக அறிவிக்கப்பட்ட இடம். எதிர்க்கரையான விஸ்கான்ஸினில் காட்டுத்தீ பிடித்தபோது ஒரு தாய்க்கரடி இரண்டு குட்டிகளோடு ஏரியை நீந்திக் கடந்ததாம். தாய் கரையேறிவிட்டது, குட்டிகள் மூழ்கிவிட்டன. காத்துக் கிடந்த தாய் மணல்மேடாகவும், குட்டிகள் எதிரே தெரியும் இரண்டு மானிட்டூ தீவுகளாகவும் ஆயினவாம். அந்த மண்ணின் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்கள் சொல்லும் கதை இது.

மணல்மேடுகளுக்குத் தெற்கே, ப்ளாட் என்ற சின்ன ஆற்றை ஒட்டிய மரக்காட்டில் முகாம் போடும் இடம் இருக்கிறது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மேஜை, நெருப்பு மூட்ட ஓர் இரும்பு வளையம், கூடாரம் அடிக்க இடம். கோடையில் இங்கே இடம் பிடிக்க மாதக்கணக்கில் முன்னதாகப் பதிவு செய்யவேண்டும். பதிவு செய்யும்போதே பிள்ளையிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: ‘‘டாய்லெட்டுக்குக் கிட்டக்க இருக்கற இடமா பாருப்பா.’’ ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஏறுவது தாத்தா... இழுப்பது பேரன்!

‘ட்யூன் க்ளைம்ப்’ என்று ஒரு மணல் சரிவு. குழந்தைகள் குதியாட்டம் போட்டு ஏறுவார்கள். கீழே நின்று பார்த்தால், ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றும். ஏறிப் பார்த்தால்தான் அங்கிருந்து அடுத்த மேடு, அதற்கப்புறம் இன்னொன்று. மேடுகளைத் தாண்டி ஏரி வரை போய்வர ஐந்தரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். வழியில் நிழல் கிடையாது, குடிதண்ணீரும் கிடையாது.

மணலில் ஏறுவது மாடிப்படி ஏறுவதுபோல் இல்லை. ஓர் அடி வைத்தால் பாதி அடி சறுக்கும். அதனால் இதயத்துக்கு வேலை எக்கச்சக்கம். நெஞ்சுவலி வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், மூட்டு தேய்ந்தவர்கள் கீழேயே உட்கார்ந்து பேரன் ஏறுவதைப் போட்டோ எடுங்கள். மற்றவர்கள் முதல் மேட்டோடு திரும்பலாம். மூச்சு வாங்கி இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை என்றால், அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடையில் வலி, குப்பென்று வியர்வை... இவற்றில் எது வந்தாலும் ‘கேஸ் பிடிச்சிருக்கும்’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் 911-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

இதைவிட ஆபத்தான இடம் ஒன்று இருக்கிறது. காரிலேயே சுற்றிவரும் ‘பியர்ஸ் ஸ்டாக்கிங்’ சாலையில் ஏரியை எட்டிப் பார்க்கும் ஒரு மேடை. கீழே 450 அடி செங்குத்தான மணல் சரிவு. இறங்குவது ரொம்ப சுலபம். சில நிமிஷத்தில் சறுக்கிக்கொண்டே போய்விடலாம். ஏறுவதற்கு நல்ல திடகாத்திரமானவர்களுக்கே மணிக்கணக்கில் ஆகும். முடியாமல் பாதியில் மாட்டிக்கொண்டவர்களை மீட்புக் குழு வந்து தூக்கும்படி ஆவதும் உண்டு. எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். ஆனாலும் பேரன் கீழே நின்றுகொண்டு ‘தாத்தா, கமான்!’ என்று கைகாட்டினால் மனசு கேட்காது, இல்லையா? அதனால் காரிலிருந்து இறங்குவதற்கு முன்பே வீட்டுக்குள் பேசி முடிவு செய்துவிடுங்கள்: அங்கே யாரும் இறங்குவதில்லை. பேரனும்தான்.

பாதம் சொல்லாது... கண்தான் பார்க்கணும்!

உச்சி வெயிலில் கோயில் பிராகாரத்தில் ஓடி ஓடிச் சுற்றியிருப்பீர்களே, அதே சூடு இந்த மணலிலும் உண்டு. குளிர் நாடுதானே என்று ஏமாந்துவிடாதீர்கள். பாதம் சுட்டால் சாதாரணமானவர்கள் துள்ளிக் குதிப்பார்கள். பல வருஷமாகச் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாத நரம்பு மரத்துப்போயிருந்தால் சூடே தெரியாது. சாவகாசமாக நடப்பார்கள். ராத்திரி பார்த்தால் உள்ளங்கால் கொப்பளித்திருக்கும். அந்தக் கொப்புளம் புண்ணாகி, புண் ஆறாமல்... அதற்குமேல் எங்கே கொண்டுபோய் விடும் என்று சர்க்கரை வியாதிக்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

எனவே வெறுங்கால் கூடவே கூடாது, தண்ணீருக்குள்ளும்தான். பருத்தி சாக்ஸ், மூடிய ஷூ. ஷூவுக்குள் மணல் புகுந்தால் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். அரை மணிக்கொரு தடவை கழற்றித் தட்டுங்கள். படுக்குமுன் டார்ச் அடித்து உள்ளங்கால், விரலிடுக்கு எல்லாம் பார்க்கவேண்டும். குனிய முடியாவிட்டால் மருமகளையோ பேத்தியையோ பார்க்கச் சொல்லுங்கள். இதில் என்ன கூச்சம்?

ஒன்பதரைக்கு அஸ்தமனம்!

ஜூன் மாதக் கடைசியில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பதரை மணி ஆகும். வெளிச்சம் இருக்கிற வரை பிள்ளைகள் விளையாடுவார்கள்; அப்புறம் விறகு மூட்டி, அப்புறம் சமைத்து... சாப்பாடு தட்டுக்கு வரும்போது பத்தாகிவிடும். நம் ஊர்க் கணக்கில் ஏழரைக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டோ, இன்சுலினைக் குத்திக்கொண்டோ உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். சாப்பாட்டோடு சேர்த்து எடுக்கவேண்டிய மருந்தைத் தட்டு கைக்கு வந்த பிறகு எடுங்கள். முடிந்தால் ‘எனக்கு மட்டும் ஏழரைக்கே ரெண்டு தோசை குடுத்துடும்மா’ என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.

இன்னொன்று... பகலில் மணலில் நடந்த நடைக்குச் சர்க்கரை உடனே மட்டும் இறங்காது. பல மணி நேரம் கழித்துத் தூக்கத்திலும் இறங்கும். இன்சுலின், க்ளிமிப்ரைடு போன்றவை எடுப்பவர்கள் படுக்குமுன் கட்டாயம் ஒரு தடவை சோதித்துக்கொள்ளவும். பி.பி.க்கு அட்டெனோலால், மெட்டோப்ரோலால் வகை மாத்திரை சாப்பிட்டால் படபடப்பு தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும்தான் அடையாளமாக இருக்கும். ‘கூடாரத்துக்குள் தின்பண்டம் வைக்கக்கூடாது’ என்று அங்கே சட்டம் பேசுவார்கள். சரிதான், அணில், ராக்கூன், எப்போதாவது கரடி எல்லாம் வாசனைக்கு வரும். சாப்பாடு மொத்தமும் காருக்குள் பூட்டப்பட வேண்டும். ஆனால் வாசனையில்லாத குளுகோஸ் பொடி, இறுக மூடிய சின்ன டப்பாவில் தலைமாட்டில் இருக்கட்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்சுலினைக் காரில் விட்டுவிட்டுப் போனால் வெயிலில் கெட்டுவிடும். ஐஸ் பெட்டியில் ஐஸ்கட்டிமேல் நேராக வைத்தால் உறைந்து கெட்டுவிடும். துணியில் சுற்றி, ஐஸ் படாமல் வையுங்கள்.

இப்போது டாய்லெட் விஷயம். இருட்டில், குளிரில், மரத்தின் வேர் தடுக்கும் வழியில் நடக்கணுமே என்று பயந்து நம் பெண்கள் சாயந்திரத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த உடம்பு. மறுநாள் காலை தலைசுற்றல், நீர்க்கடுப்பு. கிட்டத்திலேயே இடம் கேட்கச் சொன்னது இதற்காகத்தான். நெற்றியில் மாட்டும் டார்ச் ஒன்று வாங்கித் தரச் சொல்லுங்கள். கை இரண்டும் ஃப்ரீ. நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள், அதைக் காலை வேளைக்கு மாற்றலாமா என்று கிளம்புமுன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோடையிலும் ராத்திரி பத்து டிகிரி வரை இறங்கும். ஸ்வெட்டர், குல்லாய், தரையிலிருந்து ஏறும் குளிரைத் தடுக்கக் கனமான விரிப்பு போதும். ‘மழை பெய்யுது, அடுப்பைக் கூடாரத்துக்குள்ள வெச்சிக்கலாம்’ என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். கரி அடுப்போ, கேஸ் அடுப்போ, மூடிய கூடாரத்தில் கார்பன் மோனாக்சைடை விடும். வாசனை கிடையாது, கண் எரியாது. தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள்.

ஆறு சாது... ஏரி அப்படியில்லை!

ப்ளாட் ஆறு பெரும்பாலும் ஆழமில்லாத, அடிமணல் தெரிகிற தெளிந்த ஆறு. ரப்பர் ட்யூபில் மிதந்து போவார்கள். நீங்களும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு தாராளமாகப் போகலாம். ஆறு ஏரியில் கலக்கும் இடத்துக்கு வந்ததும் ஜாக்கிரதை. மிச்சிகன் ஏரி, பெயர்தான் ஏரி. அலையும் இழுப்பும் கடல்தான். கரையில் உயிர்காக்கும் காவலர்கள் கிடையாது. ஜூனில் தண்ணீர் ஜில்லென்றிருக்கும். திடீரென்று குதித்தால் மூச்சு திணறி, பி.பி. எகிறி, முதல் நிமிஷத்திலேயே தண்ணீரை உள்ளிழுத்துவிடும் ஆபத்து உண்டு. முழங்கால், இடுப்பு என்று மெதுவாக இறங்குங்கள், அதோடு போதும். அலை உள்ளே இழுத்தால் எதிர்த்து நீந்தாமல் மிதந்து, கரைக்கு இணையாக நகரவேண்டும் என்று பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். குளித்து வந்ததும் துண்டால் அழுத்தித் துடையுங்கள். அந்தப் பகுதி ஏரிகளில் பறவைகளின் ஒட்டுண்ணி ஒன்று தோலில் புகுந்து அரிப்பைக் கிளப்பும். பயப்படும்படி இல்லை, தானே சரியாகிவிடும்.

மூன்று இலையும் ஒரு புள்ளியும்

சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் வெந்துபோகும் என்று நம் பாட்டிகளுக்குத் தெரியும். அதே குடும்பத்தைச் சேர்ந்த செடி ஒன்று ஸ்லீப்பிங் பேரில் எங்கும் இருக்கிறது. பெயர் பாய்ஸன் ஐவி. மா, முந்திரி எல்லாம்கூட இதற்குப் பங்காளிகள்தான்! ஒரு காம்பில் மூன்று இலை, இதுதான் அடையாளம். பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள், துணியையும் துவையுங்கள். ஓரிரு நாளில் அரிப்பும் கொப்புளமும் வரும். சுள்ளி பொறுக்குகிறேன் என்று இதைக் கொண்டுவந்து நெருப்பில் போட்டால் புகையே நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். விறகை அங்கேயே வாங்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, உண்ணி. நாய் உண்ணி தெரியும் நமக்கு. இங்கே இருப்பது மான் உண்ணி. குட்டி உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். இது ‘லைம்’ என்ற நோயைப் பரப்பும். நல்ல வேளையாக, கடித்தவுடனே நோய் வந்துவிடாது. பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் பரவும். ஆகவே தினமும் சாயந்திரம் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு நாடா கட்டும் இடம், காதுக்குப் பின்னால், தலைமுடி எல்லாம் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய், சூடு, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ட்வீஸரால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்து எடுத்து, சோப்பால் கழுவினால் போதும்.

கடித்து மூன்று நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் அந்த இடத்தில் சிவப்பு வட்டம் பரவலாம். காய்ச்சல், மூட்டுவலி வரலாம். மாநிறத் தோலில் வட்டம் பளிச்சென்று தெரியாது. ஆன்டிபயாட்டிக் மாத்திரையில் குணமாகிற நோய்தான், ஆனால் முதலில் அது இன்னதென்று தெரியவேண்டும். அதற்குள் நீங்கள் சென்னையோ மதுரையோ திரும்பியிருப்பீர்கள். காய்ச்சல் என்று போனால் டாக்டர் டெங்கு, மலேரியா, டைபாய்டு என்றுதான் யோசிப்பார், அவர்மேல் தப்பில்லை. ‘‘டாக்டர், போன மாசம் மிச்சிகன்ல காட்டுக்குள்ள டென்ட் போட்டுத் தங்கினோம், உண்ணி கடிச்சிருக்கலாம்’’ என்று நீங்கள்தான் முதலிலேயே சொல்லவேண்டும். தங்கிய தேதிகளையும் டைரியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.