விழுப்புரத்துக்கு எதுக்குக் கம்பளி?

பேத்திக்குக் கம்பளி தைக்கப்போகிறேன் என்று போனில் சொன்னதும் மகள் கேட்ட முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. பங்குனியில் கையில் எடுத்த விசிறியை ஆவணி வரை கீழே வைக்க முடியாத ஊர் அது. ஆனால் அவள் வீட்டில் ஏசி வந்து இரண்டு வருஷமாகியிருந்தது. 22-ல் வைத்தால்தான் மாப்பிள்ளைக்குத் தூக்கம். பேத்தி பாயில் சுருண்டு கிடப்பாள். போர்த்திவிட்ட துப்பட்டி நடு ராத்திரிக்குள் காலடிக்குப் போய்விடும். கொஞ்சம் கனமாக, இரண்டு பக்கமும் மெத்தென்று ஒரு போர்வை இருந்தால் நழுவாது என்று நான் கணக்குப் போட்டேன்.

திண்டிவனத்தில் முப்பது வருஷம் வீட்டிலேயே பிளவுஸ் தைத்தவள் நான். இன்னும் அதே உஷா மிதி மெஷின்தான். கழுத்து, கைக்குழி, பட்டி என்று வளைவுகளிலேயே காலம் ஓட்டியவளுக்குப் போர்வை ஒரு வேலையா, நாலு பக்கமும் நேர்த்தையல்தானே என்று திமிராகத்தான் உட்கார்ந்தேன்.

2023 மார்கழி. நெடுஞ்சாலை ஓரத்தில் வடநாட்டுக்காரர்கள் கயிறு கட்டிப் போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஃபிளீஸ் துணியை மீட்டர் கணக்கில் தேடி அலைவதைவிட ஒற்றைக் கட்டில் போர்வை இரண்டு வாங்கி வெட்டிக்கொள்வது சுலபம். ஒன்று வெறும் நீலம், இன்னொன்று மஞ்சள் பூப்போட்டது. "பானிப்பட் மால், அம்மா" என்றார் விற்றவர். கம்பளி என்று நாம் சொன்னாலும் இந்த ஃபிளீஸில் ஆட்டு மயிர் ஓர் இழைகூடக் கிடையாது. முழுக்க பாலியெஸ்டர். பனியன் துணி போலப் பின்னி, அப்புறம் மெல்லிய கம்பிப் பற்களால் கீறி மயிரை எழுப்பிவிடுகிறார்கள். அமெரிக்காவில் மால்டன் மில்ஸ் என்ற ஆலை 1979 வாக்கில் கொண்டுவந்த சரக்கு. அவர்கள் காப்புரிமை வாங்காமல் விட்டதால்தான் யார் வேண்டுமானாலும் செய்து, கடைசியில் எங்கள் ஊர் சாலை ஓரம் வரைக்கும் வந்து தொங்குகிறது.

நெய்த துணி இல்லை, பின்னிய துணி. இந்த ஒன்றை மனசில் வாங்கியிருந்தால் பாதி அவதி இருந்திருக்காது. பின்னல் என்பதால் வெட்டிய ஓரம் பிசிறு விடாது, ஓவர்லாக் தேவையில்லை. அது லாபம். நஷ்டம், குறுக்கே இழுத்தால் நீண்டுகொண்டே போகும்.

முதல் தப்பு, இஸ்திரி. மடிப்புக்கோடு விழுந்திருக்கிறதே என்று பருத்திக்கு வைக்கிற சூட்டிலேயே வைத்தேன். மயிரெல்லாம் படுத்து, பெட்டியின் மூக்கு அளவுக்குப் பளபளவென்று ஒரு தழும்பு. பிளாஸ்டிக் உருகுகிற வாடை. மடிப்பை விரலால் நீவி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். (இதனால்தான் கொசுவத்திச் சுருள் பக்கத்தில் இந்தப் போர்வையை விடக் கூடாது. பருத்தி கருகும், இது உருகித் தோலில் ஒட்டும்.)

இரண்டாவது, ஊசி. பிளவுஸுக்குப் போடுகிற 14-ஆம் நம்பர் கூர் ஊசியோடு ஓட்டினேன். நாலு தையல் விழும், ரெண்டு தாண்டும். டென்ஷனைத் திருகித் திருகி அரை நாள் போயிற்று. மெஷினைத் திட்டினேன், பாவம். பனியன் துணிக்குத் திருப்பூரில் போடுகிற பால் பாயிண்ட் ஊசிதான் இதற்கும். முனை லேசாக மழுங்கியிருக்கும். இழையைக் குத்தாமல் விலக்கிக்கொண்டு இறங்கும். தையலையும் நீளமாக வைக்கணும், ஒரு இன்ச்சுக்கு ஆறேழு போதும். பொடித்தையல் போட்டால் துணி அலை அலையாக விரிந்துவிடும். பிரஷர் ஃபுட்டுக்கு மேலே இருக்கிற திருகை இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டால் துணி மூச்சுவிடும். நூலும் பாலியெஸ்டர் நூல்தான். பருத்தி நூல், துணி நீளும்போது பட்டென்று அறுந்துபோகும்.

மூன்றாவது, நகர்தல். அடித்துணியை மெஷினின் பல் இழுத்துக்கொண்டு போகும். மேல்துணி பின்தங்கும். ஒரு பக்கம் தைத்து முடித்துப் பார்த்தால் மேலே இரண்டு விரற்கடை மிச்சம். குண்டூசி குத்தினால் மயிருக்குள் புதைந்து எங்கே போனதென்றே தெரியாது. குழந்தைப் போர்வையில் அந்த விளையாட்டு வேண்டாம். கொடியில் துணி காயப்போடுகிற கிளிப்புகளைச் சாண் விட்டுச் சாண் மாட்டினேன். மூலையில் தொடங்காமல் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவிலிருந்து மூலைக்குத் தைத்தேன். அப்புறம்தான் அடங்கியது. மூலைகளைச் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்து வளைவாக வெட்டிவிடுங்கள். இந்தக் கனத்தில் சதுர மூலையைத் திருப்பினால் கொழுக்கட்டை மாதிரி உருண்டுகொள்ளும்.

ஒரு சாண் வாய் விட்டு, திருப்பி, வாயை மூடி, சுற்றிலும் ஓரத்தையல் ஓட்டி, தையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பேத்திக்கு அப்போது ஒன்றே கால் வயசு. ஒரு வயசு நிறையாத பிள்ளைக்கு மேலே தளர்வான போர்வையே வேண்டாம், மூக்கை மூடிவிடும் என்று டாக்டர்கள் சொல்வதால் அதுவரை பொறுத்திருந்தேன்.

அழகாகத்தான் இருந்தது. நாலாம் நாள் மகள் போன். "அம்மா, முதுகெல்லாம் வேர்க்குரு."

கரண்ட் போனால் ஏசி நிற்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. பாலியெஸ்டர் வேர்வையை உறிஞ்சாது. அதை இரண்டு அடுக்காகப் போட்டு, பிள்ளையை உள்ளே வைத்து வேகவிட்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் மெத்தென்று இருக்கணும் என்பது பிள்ளையின் ஆசை இல்லை, என் ஆசை.

போர்வை திண்டிவனத்துக்கே திரும்பி வந்தது. பிரித்தேன். நீல மயிருக்குள் நீல நூல் முழுகிக் கிடக்க, அதைத் தேடி அறுப்பதற்குள் கண் பூத்துவிட்டது. ஒரு சாயல் மாறின நூலில் தையுங்கள். வெளியே தெரியாது, பிரிக்கும்போது கும்பிடுவீர்கள்.

வங்காளத்தில் காந்தா என்றும் வட கர்நாடகத்தில் கவுதி என்றும் பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுப் போர்வை செய்கிறார்கள். நம் வீடுகளிலும் தூளி கட்டப் பழம்புடவையைத்தானே தேடுகிறோம்? மஞ்சள் பூத்துணிக்குப் பதிலாக நீலத்தோடு சேர்க்க, பத்து வருஷம் கட்டிய காஞ்சி காட்டன் ஒன்றை எடுத்தேன். புதுப் பருத்தி துவைத்தால் சுருங்கும், ஃபிளீஸ் சுருங்காது. சேர்த்துத் தைத்தால் முதல் சலவையிலேயே இழுத்துக்கொள்ளும். பழம்புடவை சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்திருக்கும். கஞ்சி போக இரண்டு தண்ணீர் அலசினேன். ஃபிளீஸ் அடியில், பல்லின் மேல்; புடவை மேலே. நீளுகிற துணி அடியில் இருந்தால் பல் அதை அடக்கிக்கொள்ளும். நடுவில் இரண்டும் விலகாமலிருக்கச் சாணுக்கு ஒரு முடிச்சு. பட்டன் வைத்தால் அழகுதான், பிள்ளை பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும், வேண்டாம்.

அதைத் தைத்து முடித்தது 2024 நவம்பர் கடைசியில், ஃபெஞ்சல் புயல் அடித்தபோது. பக்கத்திலிருக்கிற மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. கரண்ட் இல்லை. மோட்டார் மாட்டிக்கோ என்று எத்தனையோ பேர் சொல்லியும் மாட்டாத மிதி மெஷினை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, பகல் வெளிச்சத்திலேயே ஓரத்தையலை முடித்தேன். ஷட்டிலைத் திறந்தால் நீலப் பஞ்சு அப்பியிருந்தது. ஃபிளீஸ் தைத்தால் நாலு பாபினுக்கு ஒருதரம் துடைத்துவிட்டு ஒரு சொட்டு எண்ணெய் விடணும்.

திங்கட்கிழமை, டிசம்பர் 2, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம் என்றால் ரயில் இல்லை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தில் அபாய அளவைத் தாண்டித் தண்ணீர். நாற்பது கிலோமீட்டர்கூட இல்லாத ஊர். பஸ்ஸை நம்பி அந்த மழையில் இறங்கவும் மனசில்லை. ஒரு வாரம் கழித்து பாசஞ்சரில் போனபோது ஜன்னலுக்கு வெளியே வயலெல்லாம் ஏரியாகக் கிடந்தது.

"ஆயா, இது யாருக்கு?" என்றாள் பேத்தி. உனக்குத்தான் என்றதும் பையிலிருந்து பிடித்து இழுத்தாள். போர்த்திக்கொள்வாள் என்று பார்த்தால், தரையில் விரித்து, புடவைப் பக்கத்தை மேலே திருப்பிப்போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள். இன்றைக்கும் அப்படித்தான் தூங்குகிறாளாம். மேலே போர்த்த அதே பழைய துப்பட்டி.