மேட்சுக்கு ஓடிப்போன யானிஸ்: முதல் சம்பளத்துல வீட்டுக்கு எவ்வளவு அனுப்பணும்?



2013 நவம்பர். அமெரிக்காவின் மில்வாக்கி நகரம். மில்வாக்கி பக்ஸ் என்ற என்பிஏ கூடைப்பந்து அணியில் சேர்ந்து சில மாசங்களே ஆன 18 வயசுப் பையன், அன்னைக்கு மேட்சுக்குப் போகணும். அதுக்கு முன்னாடி வெஸ்டர்ன் யூனியன் போய், கையில இருந்த பணம் மொத்தத்தையும் ஏதென்ஸ்ல இருக்கிற அப்பா அம்மாவுக்கு அனுப்பிட்டார். வெளியே வந்து பார்த்தா டாக்சிக்குக் காசு இல்லை. அந்தக் குளிர்ல, மெல்லிசான ஜாக்கெட்டோட ஸ்டேடியத்தை நோக்கி ஓட ஆரம்பிச்சிட்டார். வழியில் ஒரு தம்பதி அவரை அடையாளம் கண்டு, கார்ல ஏத்திட்டுப் போய் இறக்கி விட்டாங்க.

அவர்தான் யானிஸ் அன்டெடோகூம்போ. பின்னாளில் ரெண்டு முறை என்பிஏவின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கினார். 2021-ல் மில்வாக்கிக்குக் கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். இந்தச் சம்பவத்தை ரீல்ஸ்ல தியாகக் கதையா பார்த்திருப்பீங்க. தியாகம்தான், மறுக்கலை. ஆனா சம்பளம் வாங்குற நாம இதுல வேற ஒண்ணையும் கவனிக்கணும். அன்னைக்கு அவர் ஏழை இல்லை. அந்த வருஷம் அவர் சம்பளம் சுமார் 18 லட்சம் டாலர், அன்றைய மதிப்புல கிட்டத்தட்ட 11 கோடி ரூபாய். அப்படிப்பட்டவர்கிட்ட வேலைக்குப் போக டாக்சி காசு இல்லை!

இது எப்படி நடக்கும்? பெரிய சம்பளமும் கையில இருக்கிற காசும் வேற வேற. ஆஃபர் லெட்டர்ல சிடிசி பார்த்துட்டு, முதல் மாசம் அக்கவுண்ட்ல வந்த தொகையைப் பார்த்தவங்களுக்கு இது புரியும். என்பிஏவிலும் அதே கதைதான். சம்பளம் மாசம் ரெண்டு தவணையா, நவம்பர் நடுவுல இருந்துதான் வர ஆரம்பிக்கும். 18 லட்சத்தை 24 தவணையா பிரிச்சா ஒரு தவணைக்கு 75,000 டாலர். அதுல மத்திய வருமான வரி போகும் (அந்த வருஷம் உச்ச வரம்பு 39.6%). மாநில வரி தனி. வெளியூர்ல மேட்ச் ஆடினா, வருமான வரி இருக்கிற பல மாநிலங்கள் அந்த நாளுக்கான பங்கையும் கேட்கும். ஏஜெண்டுக்கு அதிகபட்சம் 4%. இது போக, லீக் வருமானக் கணக்கு முடியும் வரைக்கும் சம்பளத்துல 10% பிடிச்சு வைப்பாங்க. நம்ம ஊர் வேரியபிள் பே மாதிரி வரலாம், வராமலும் போகலாம்.

இன்னொரு விஷயம். அந்த 18 லட்சம் அவர் பேசி வாங்கினது இல்லை. புதுசா வர்ற வீரர்களை அணிகள் வரிசையா தேர்ந்தெடுக்கும். முதல் சுற்றுல எத்தனாவது ஆளா எடுத்தாங்களோ, அந்த எண்ணுக்கு ஒரு சம்பள அளவு ஏற்கனவே இருக்கு. யானிஸ் 15-வது. நம்ம கேம்பஸ் ப்ளேஸ்மெண்ட் பேக்கேஜ் மாதிரியேதான். அதுலயும் முதல் 2 வருஷத்துக்குத்தான் உறுதி. 3-வது, 4-வது வருஷம் வெச்சுக்கலாமா வேண்டாமான்னு அணிதான் முடிவு பண்ணும். முதல் சீசன்ல அவர் சராசரி 6.8 பாயிண்ட். அணியோ 82 மேட்சுல 15 மட்டும் ஜெயிச்சு லீக்லயே கடைசி. இவர் சூப்பர் ஸ்டார் ஆவார்னு அன்னைக்கு யாரும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டாங்க.

சரி, ஏன் மொத்தத்தையும் அனுப்பினார்? அவர் அப்பா அம்மா நைஜீரியாவில் இருந்து கிரீஸுக்குக் குடியேறினவங்க. யானிஸ் பிறந்தது ஏதென்ஸ்ல. ஆனாலும் குடியுரிமை கிடைச்சது 2013-ல், அமெரிக்கா கிளம்புறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான். அண்ணன் தம்பிகளோட தெருவுல வாட்ச், கண்ணாடி, பைன்னு கூவி வித்திருக்கார். அண்ணனும் இவரும் ஒரே ஜோடி ஷூவை மாத்தி மாத்திப் போட்டு ஆடியிருக்காங்க. அந்த வீட்டுப் பையனுக்கு, தன் கையில நூறு டாலர் சும்மா இருக்கிறதே உறுத்தும். ஒரு ப்ளேஸ்டேஷன் வாங்கிட்டு, குற்ற உணர்ச்சியில அதை அணியோட துணைப் பயிற்சியாளர்கிட்டயே வித்துட்டாராம்.

நம்மில் பலருக்கு இது தெரிஞ்ச உணர்ச்சி. ஊர்ல அப்பா வாங்கின கடன், தங்கச்சி காலேஜ் ஃபீஸ், வீட்டுக் கூரை. சம்பளம் வந்த அன்னைக்கே 30,000 ஜிபேல போயிடும். அப்புறம் 20-ம் தேதி ரூம்மேட்கிட்ட 2,000 கைமாத்து. அதுவும் கிடைக்கலைன்னா கிரெடிட் கார்டு. கார்டு பாக்கிக்கு மாசம் மூணு, மூணரை சதவீதம் வட்டி. ஆக, கார்டு கம்பெனிகிட்ட கடன் வாங்கித்தான் வீட்டுக்கு அனுப்புறீங்க. கணக்கைப் பார்த்தா அவ்வளவுதான்.

"வீட்டுக்கு அனுப்பாதீங்க"ன்னு சொல்ற ஃபைனான்ஸ் அறிவுரை எனக்குப் பிடிக்காது. அது நம்ம வாழ்க்கை தெரியாதவங்க சொல்றது. நான் சொல்றது வரிசையை மட்டும். வேலையை நடத்துற செலவு முதல்ல: வாடகை, சாப்பாடு, போக்குவரத்து, ரீசார்ஜ், அடுத்த வேலைக்குத் தேவையான கோர்ஸ். யானிஸுக்கு டாக்சி காசு இந்தக் கணக்குலதான் வரும். அவர் நேரத்துக்கு ஸ்டேடியம் போனாத்தானே வீட்டுக்கு அடுத்த தவணை? உதாரணத்துக்கு, கையில வர்றது 42,000, இந்தச் செலவு 20,000-ன்னு வைங்க. வீட்டுக்கு 14,000 என்று ஒரு நம்பர் சொல்லிடுங்க. "எவ்வளவு முடியுமோ அனுப்புறேன்"னு சொல்லாதீங்க, அந்த வார்த்தைக்கு எல்லையே கிடையாது. மீதி 8,000-ல் முதல் 6,000 எமர்ஜென்சி ஃபண்டுக்கு. அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னு ராத்திரி போன் வந்தா எடுத்துக் கொடுக்கப்போறது அதுதான். அதனால அதுவும் வீட்டுக்கான பணமே.

யானிஸ் விஷயத்துல, விசா இழுபறி முடிஞ்சு 2014 தொடக்கத்துல குடும்பமே மில்வாக்கிக்கு வந்துடுச்சு. 2016-17 சீசன்ல ஆல் ஸ்டார் மேட்சுல ஆரம்ப ஐவரில் ஒருத்தரா ஆடுறார். அப்பவும் பழைய ஒப்பந்தப்படி சம்பளம் சுமார் 30 லட்சம் டாலர்தான். பெரிய பணம் 2016 செப்டம்பர்ல கையெழுத்துப் போட்ட ரெண்டாவது ஒப்பந்தத்துல வந்தது: 4 வருஷத்துக்கு 10 கோடி டாலர். 2020 டிசம்பர்ல அடுத்தது, 5 வருஷத்துக்குச் சுமார் 22.8 கோடி. முதல் நாலு வருஷத்துல அவருக்கு உண்மையான முதலீடு ஜிம்மும் பயிற்சியும்தான். 22 வயசுல எஸ்ஐபி 2,000-மா 3,000-மான்னு மண்டையைக் குடையறவங்க, அந்த நேரத்துல பாதியை அடுத்த சம்பள உயர்வுக்கான வேலைக்குக் கொடுக்கலாம்.

பணம் வந்த பிறகு அவர் செஞ்சது இன்னும் சுவாரசியம். அமெரிக்காவுல ஒரு வங்கி திவாலானா ஒருத்தருக்கு 2,50,000 டாலர் வரைக்கும்தான் அரசு காப்பீடு. அதனால யானிஸ் 50 வங்கிகள்ல தலா 2,50,000 போட்டு வெச்சிருந்தாராம்! அணியின் இணை உரிமையாளரா இருந்த மார்க் லாஸ்ரி சொன்ன கதை இது. அவர்தான் அரசாங்கக் கடன் பத்திரம் பக்கம் திருப்பிவிட்டாராம். சிரிப்பா இருக்கலாம், ஆனா அந்தப் பையன் விதியைப் படிச்சிருக்கார். நம்ம ஊர்ல அந்த வரம்பு ஒரு வங்கிக்கு 5 லட்சம், அசலும் வட்டியும் சேர்த்து. ஒரே கூட்டுறவு வங்கியில அப்பாவோட ரிட்டையர்மெண்ட் பணம் முழுக்க இருந்தா, இன்னைக்கே போய்ப் பாருங்க.

எதிர்ப்பக்கத்துல ஆன்டவான் வாக்கர். 1996-ல் பாஸ்டன் செல்டிக்ஸ் 6-வது ஆளா எடுத்தது. என்பிஏ சம்பளமா மட்டும் சுமார் 10.8 கோடி டாலர். 2010 மே மாசம் திவால் மனு. வீடு, கார், சொந்தபந்தம், நண்பர்கள் கூட்டம் எல்லாம் இருந்துச்சு. ஆனா பெரிய அடி, ரியல் எஸ்டேட் கடன்களுக்கு அவரே தனிப்பட்ட ஜாமீன் போட்டதுல. 2008-ல் சந்தை விழுந்தப்போ, வங்கிகள் நேரா அவர் கதவைத் தட்டின. இன்னொருத்தருக்கு 10,000 கொடுத்தா உங்க நஷ்டம் 10,000-ல் நின்னுடும். ஜாமீன் கையெழுத்துக்கு அப்படி எல்லை இல்லை. உங்க பேர்ல எவ்வளவு பாரம் இருக்குன்னு, கடன் வாங்கினவர் கட்டாம விடுற அன்னைக்குத்தான் தெரியும்.

ஆபீஸ் நண்பர் பைக் லோனுக்கு ஜாமீன் கேட்கிறார், முகத்துக்கு நேரா முடியாதுன்னு எப்படிச் சொல்றதுன்னு போன வாரம் ஒருத்தர் கேட்டிருந்தார். அந்தக் கையெழுத்து உங்க சிபில் ரிப்போர்ட்லயும் ஏறும், நாளைக்கு உங்க ஹோம் லோன் தகுதியையும் குறைக்கலாம். "என் ஹோம் லோன் அடிபடும்"னு சொல்லிடுங்க, அது பொய்யும் இல்லை. ஏற்கனவே போட்டுட்டீங்கன்னா எப்படி வெளியே வர்றது என்பதை அடுத்த வீடியோவுல பார்ப்போம்.